கண்ணாடியா, அச்சா? சிவகாசிப் படங்களும் வெகுஜன ரசனையும்

கதையும் கூத்தும் படமும் மக்களின் வாழ்க்கையைக் காட்டுகின்றனவா, அல்லது மக்கள் அவற்றைப் பார்த்துத்தான் தங்கள் வாழ்க்கையை அமைத்துக்கொள்கிறார்களா? மிகப் பழைய கேள்வி இது. நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று தொல்காப்பியம் இரண்டைப் பிரித்து, இரண்டும் கலந்ததே புலவர்களின் நெறி என்று வகுத்தது. சினிமாவும் தொலைக்காட்சியும் வந்தபின் இதே கேள்வி வேறு சொற்களில் திரும்பி வந்தது: வெகுஜனப் பண்பாடு சமூகத்தின் கண்ணாடியா, சமூகத்தை வார்த்தெடுக்கும் அச்சா?

இந்த விவாதம் பெரும்பாலும் சென்னைக் கோடம்பாக்கத்தை மையமாக வைத்தே நடந்திருக்கிறது. விருதுநகர் மாவட்டத்திலிருந்து பார்த்தால் அது வேறு உருக்கொள்கிறது. நாட்டின் பட்டாசில் மிகப் பெரும் பங்கைத் தயாரிக்கும் சிவகாசி, காலண்டர் சாமிப் படங்களையும் தீப்பெட்டி லேபிள்களையும் சினிமா போஸ்டர்களையும் காமிக்ஸ் புத்தகங்களையும் அச்சிட்டு அனுப்பிய ஊர். விருதுநகரையும் கரிசல் கிராமங்களையும் நாவலும் திரைப்படமும் தொடர்ந்து எழுதியும் காட்டியும் வந்திருக்கின்றன. வெகுஜனப் படங்களை உற்பத்தி செய்யும் இடமாகவும், அந்தப் படங்களுக்குப் பொருளாகும் இடமாகவும் இருக்கிற வட்டாரம் தமிழ்நாட்டில் அரிது. இதுவரை சொல்லப்பட்ட விடைகளை இங்கே வைத்துச் சோதிக்கலாம்.

லேபிளில் தொடங்கிய வரலாறு

1922இல் சிவகாசியிலிருந்து அய்யா நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் போனார்கள். திரும்பி வந்து அவர்கள் தொடங்கிய தொழில், வானம் பார்த்த பூமியில் வேரூன்றியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். லித்தோ அச்சகங்கள் வந்தன, பின்னர் ஆஃப்செட் எந்திரங்கள் வந்தன. 1940களில் பட்டாசுத் தொழில் வளர, அதன் உறைகளும் பெட்டிகளும் அச்சகங்களுக்குக் கூடுதல் வேலை தந்தன. நேரு சூட்டியதாகச் சொல்லப்படும் ‘குட்டி ஜப்பான்’ என்ற பெயர் இந்த மூன்று தொழில்களும் சேர்ந்து ஈட்டியது.

ஒரு தீக்குச்சிக்கும் இன்னொரு தீக்குச்சிக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. வாங்குபவர் பெட்டியை அடையாளம் கண்டது அதன்மேல் இருந்த படத்தால். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் அணில் படத்தையோ சேவல் படத்தையோ சொல்லிக் கேட்க முடியும். படத்தைக் கொண்டு பொருளை விற்கும் இந்தப் பழக்கம் சினிமா நட்சத்திரங்களின் காலத்துக்கு முன்பே அங்கு நிலைபெற்றிருந்தது. பின்னாளில் பட்டாசு உறைகளில் நடிகர் நடிகையர் முகங்கள் ஏறியபோது, ஏற்கெனவே இருந்த வழியில்தான் அவை ஏறின.

முதல் நிலைப்பாடு: கண்ணாடி

வெகுஜனக் கலை சமூகத்தின் மனநிலையைக் காட்டுகிறது என்பது முதல் தரப்பு. 1947இல் சீக்ஃபிரீட் கிரகௌயர், ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மானியத் திரைப்படங்களில் அந்த நாட்டு மக்களின் ஆழ்மன நிலை தெரிகிறது என்று வாதிட்டார். சினிமா பலர் கூடி எடுத்துப் பலருக்கு விற்கும் பண்டம். ஆகவே பலரும் விரும்புவதே அதில் இடம்பெறும் என்பது அவர் தரப்பின் அடிப்படை.

விருதுநகர் வட்டாரத்தில் இதற்குச் சான்று தேடினால் முதலில் கிடைப்பது இலக்கியம். மேலாண்மறைநாட்டைச் சேர்ந்த மேலாண்மை பொன்னுச்சாமி கரிசல் சம்சாரிகளின் வாழ்வைச் சிறுகதைகளாக்கினார். அவருடைய ‘மின்சாரப் பூ’ 2007இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. மல்லாங்கிணற்றில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன் கரிசலின் நாதஸ்வரக் கலைஞர்களை ‘சஞ்சாரம்’ நாவலில் எழுதி 2018இல் அதே விருதைப் பெற்றார். பூமணியின் ‘அஞ்ஞாடி’ 1899ஆம் ஆண்டின் சிவகாசிக் கலவரம் வரை பின்னோக்கிச் சென்றது. திரையில், விருதுநகர்க்காரரான வசந்தபாலனின் ‘வெயில்’ (2006) அந்த ஊரின் தெருக்களையும் வெக்கையையும் அப்படியே கொண்டுவந்தது. சினிமா பார்க்கப் போனதற்காகத் தகப்பனிடம் கடுந்தண்டனை பெற்று ஓடிப்போகிற சிறுவன் தியேட்டர் ஆபரேட்டராக வளரும் கதை அது. சிறு நகரத்தில் சினிமா எதுவாக இருந்தது என்பதைச் சினிமாவே காட்டிய அரிய முயற்சி.

ஆனால் இந்தத் தரப்பில் ஒரு பலவீனம் உண்டு. கண்ணாடி எதிரே நிற்பதையெல்லாம் காட்டும். கதையும் படமும் தேர்ந்தெடுத்துக் காட்டுகின்றன. ‘வெயில்’ போன்ற படங்கள் எடுக்கப்பட்ட அதே ஆண்டுகளில் தென்மாவட்டம் என்றாலே அரிவாள், பழிவாங்கல், திருவிழா என்று காட்டும் படங்கள் வரிசையாக வந்தன. இரண்டும் ஒரே நிலத்தைக் காட்டுவதாகவே சொல்லிக்கொண்டன. எது கண்ணாடி என்று முடிவு செய்ய, படத்துக்கு வெளியே இன்னொரு சான்று தேவைப்படுகிறது. படமே சமூகத்துக்குச் சான்று என்று தொடங்கிய வாதம் அங்கே சுற்றி வந்துவிடுகிறது.

காலண்டர் படங்களுக்கு வந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரை அந்த வீட்டார் பெரும்பாலும் விலைக்கு வாங்குவதில்லை. மளிகைக் கடையோ நகைக் கடையோ ஜவுளிக் கடையோ ஆண்டுத் தொடக்கத்தில் வாடிக்கையாளருக்குக் கொடுப்பது அது. லட்சுமியா, முருகனா, இயற்கைக் காட்சியா என்று ஆல்பத்தைப் புரட்டி முடிவு செய்தவர் கடைக்காரர். அவருக்கு ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டியவர் ஏஜெண்டு. அந்தச் சுவர்ப் படம் யாருடைய ரசனையைக் காட்டுகிறது என்று உறுதியாகச் சொல்வது எளிதல்ல.

இரண்டாம் நிலைப்பாடு: அச்சு

எதிர்த் தரப்பு, வெகுஜனக் கலை மக்களை வார்க்கிறது என்கிறது. 1940களில் அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் ‘பண்பாட்டுத் தொழில்’ என்ற கருத்தை முன்வைத்தார்கள். ஆலையில் பொருள் தயாரிப்பதுபோல் கேளிக்கையும் ஒரே வார்ப்பில் தயாராகிறது, பார்ப்பவரின் விருப்பத்தையும் அதுவே தயாரிக்கிறது என்பது அவர்கள் கூற்று. தமிழ்நாட்டில் இந்தத் தரப்புக்கு வலுவான வடிவம் கொடுத்தவர் எம்.எஸ்.எஸ். பாண்டியன். 1992இல் வெளிவந்த ஆங்கில நூலில், ஏழைகளின் காவலனாக எம்.ஜி.ஆர். திரையில் கட்டிய பிம்பம் எளிய மக்களின் ஆதரவை எப்படி ஈட்டித் தந்தது, அந்த ஆதரவில் நடந்த ஆட்சி அவர்களுக்கு எவ்வளவு குறைவாகத் திருப்பித் தந்தது என்று அவர் ஆராய்ந்தார்.

இந்த வட்டாரத்தில் அதற்கு நேரடிச் சான்றே இருக்கிறது. 1967இல் விருதுநகரில், அந்த ஊரின் மைந்தரும் முன்னாள் முதலமைச்சருமான காமராஜர் தி.மு.க.வின் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் தோற்றார். குண்டடிபட்டுக் கழுத்தில் கட்டுடன் இருந்த எம்.ஜி.ஆரின் படம் தமிழ்நாடெங்கும் சுவரொட்டியாக ஒட்டப்பட்ட தேர்தல் அது. பத்தாண்டு கழித்து, 1977இல், அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்றே எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார்.

உடை, தலைமுடி, பேச்சு ஆகியவற்றில் இந்தத் தரப்பை மறுப்பது கடினம். நடிகர் எம்.கே. தியாகராஜ பாகவதரின் பெயரால் வழங்கிய ‘பாகவதர் கிராப்பு’ ஒரு தலைமுறையின் அடையாளமாகவே இருந்தது. புதுப்படப் பெயர்கள் சேலைக்கும் பட்டாசுக்கும் சூட்டப்படுவது தீபாவளிச் சந்தையின் வாடிக்கை.

வாக்குச்சீட்டுக்கு வரும்போதுதான் வாதம் தளர்கிறது. 1967 முடிவுக்கு அரிசித் தட்டுப்பாடு, இந்தி எதிர்ப்புப் போராட்டம், கூட்டணிக் கணக்கு என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன; சுவரொட்டி அவற்றில் ஒன்று. நடிப்பில் எம்.ஜி.ஆருக்கு இணையான புகழ் பெற்றிருந்த சிவாஜி கணேசன் 1989இல் திருவையாற்றில் தோற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் விருதுநகரில் நடிகை ராதிகா பா.ஜ.க. வேட்பாளராக நின்றார். ‘சித்தி’ தொடர் வழியாக வீடுதோறும் அறியப்பட்ட முகம். ஆனாலும் மூன்றாம் இடமே கிடைத்தது. நடிகர் விஜயகாந்தின் மகன் விஜய பிரபாகரன் சில ஆயிரம் வாக்கு வேறுபாட்டில் காங்கிரஸின் மாணிக்கம் தாகூரிடம் தோற்றார். அந்த நெருக்கமான போட்டியில் திரைப் புகழின் பங்கு எவ்வளவு, அப்போது அண்மையில் மறைந்திருந்த விஜயகாந்த்மீதான அனுதாபத்தின் பங்கு எவ்வளவு, கூட்டணிக் கட்சியின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது இயலாத காரியம். திரைப் புகழ் தானாக வாக்காக மாறுவதில்லை என்பது மட்டும் தெளிவு.

பார்வையாளர் பக்கம்

மூன்றாவது தரப்பு, பார்ப்பவரை வெறும் களிமண்ணாகக் கருத மறுக்கிறது. 1973இல் ஸ்டூவர்ட் ஹால், தொலைக்காட்சி ஒன்றைச் சொல்ல நினைத்து அனுப்பினாலும், பார்ப்பவர் அதை ஏற்கலாம், பேரம் பேசலாம், எதிர்த்தும் வாசிக்கலாம் என்றார். மதுரையில் நகர்ப்புற ஏழைகளிடையே கள ஆய்வு செய்த சாரா டிக்கி 1993இல் வெளியிட்ட நூல், ரசிகர் மன்றத்தினர் நட்சத்திரத்தின் பெயரால் தங்களுக்குள் அமைப்பையும் சமூக மதிப்பையும் உருவாக்கிக்கொண்டதைக் காட்டியது. கார்த்திகேசு சிவத்தம்பி இன்னும் அடிப்படையான ஒன்றைச் சுட்டினார். சாதி வேறுபாடின்றித் தமிழர் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஒரே நிகழ்ச்சியைப் பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகை என்பது அவர் கருத்து. திரையில் ஓடிய படம் பழமைவாதம் பேசியிருந்தாலும், கொட்டகை புதியதாக இருந்தது.

இந்தக் கருத்து சிவகாசி மண்ணில் தனிக் கனம் பெறுகிறது. நாடார்கள் கோயிலுக்குள் நுழைய மறுக்கப்பட்ட வட்டாரம் இது. கமுதிக் கோயில் வழக்கு இங்கிலாந்துப் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908இல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. சிவகாசிக் கலவரமும் அந்தப் பகையின் பகுதியே. கோயில் நுழைவுச் சட்டம் 1939இல்தான் வந்தது. அச்சிட்ட சாமிப் படம் எந்தக் கோயில் வாசலையும் எவர் அனுமதியையும் கேட்காமல் வீட்டுக்குள் வந்தது. கருவறையில் விலகி நின்று காண வேண்டிய தெய்வம், விளக்கேற்றி நேருக்கு நேர் நின்று வணங்கும் தெய்வமாயிற்று. மறுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தோர் பெரும்பங்காற்றிய அச்சுத் தொழில் நாடெங்கும் சாமிப் படங்களை அனுப்பியதில் ஒரு வரலாற்றுப் பொருத்தம் இருப்பதாகக் கருத இடமுண்டு. ஆனால் அச்சக முதலாளிகள் அந்த நோக்கத்தோடு செய்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. வணிகக் கணக்கே முதற்காரணமாக இருந்திருக்கலாம்.

இந்தத் தரப்பின் குறை, பார்வையாளரின் சுதந்திரத்தைச் சில சமயம் மிகைப்படுத்திவிடுவது. எப்படி வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்பது உண்மையானாலும், எதை வாசிக்கக் கொடுப்பது என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள்.

நான்காம் நிலைப்பாடு: கைமாறும் வழி

ஆகவே அண்மைக் கால ஆய்வுகள் படைப்பையும் பார்வையாளரையும் விட்டு, இரண்டுக்கும் நடுவிலுள்ள வழியைக் கவனிக்கின்றன. கஜ்ரி ஜெயின் 2007இல் வெளியிட்ட காலண்டர் கலை பற்றிய நூலில் சிவகாசிக்கு மைய இடம் உண்டு. ஓவியர், அச்சகத்தார், ஏஜெண்டு, கடைக்காரர், வீட்டார் என்று படம் கைமாறும் பாதையை அவர் பின்தொடர்ந்தார். ஒவ்வொரு கையிலும் அதன் மதிப்பு மாறுகிறது: ஓவியருக்குக் கூலி, அச்சகத்துக்குச் சரக்கு, கடைக்காரருக்கு விளம்பரமும் நல்லெண்ணமும், வீட்டாருக்கு வழிபடு பொருள்.

இந்தப் பாதையின் தலைமாட்டில் நிற்பவர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, சில காலம் ரமணாசிரமத்தில் இருந்து, பிறகு நாடகக் கம்பெனிக்குப் படுதா வரைந்தவர். கோவில்பட்டியில் தங்கியபின் ‘தேவி ஆர்ட் ஸ்டூடியோ’ நடத்தினார். டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் முதலிய சீடர்கள் அங்கு உருவானார்கள். அவர்கள் வரைந்த தெய்வங்கள் சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் போயின. வட்டமுகம், மென்சிரிப்பு, பளபளக்கும் நகை, பின்னணியில் மாளிகையும் மலையும்: இன்று தமிழ் வீடுகளில் ‘சாமி’ என்றால் மனத்தில் எழும் உருவத்தில் இந்தக் குழுவின் கைவண்ணம் கணிசமாகக் கலந்திருக்கிறது.

இங்கேதான் ‘கண்ணாடியா, அச்சா’ என்ற கேள்வி சிடுக்காகிறது. ஏ.பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ (1965), ‘சரஸ்வதி சபதம்’ (1966), ‘கந்தன் கருணை’ (1967) ஆகிய படங்களில் வரும் கயிலாயமும் கிரீடமும் நிற்கும் தோரணையும் காலண்டர்ப் படங்களோடு நெருங்கிய ஒற்றுமை உடையவை. காலண்டரைப் பார்த்துச் சினிமா செய்தார்களா, சினிமாவைப் பார்த்துக் காலண்டர் வரைந்தார்களா? ஆந்திரத்தில் என்.டி. ராமாராவ் கிருஷ்ணராகத் தோன்றிய படங்கள் காலண்டராகவே வீடுகளில் இடம்பிடித்தன. அங்கே சினிமா முந்தியது தெளிவு. தமிழ்நாட்டில் இரண்டுக்கும் பொதுவான மூத்த ஊற்று ஒன்று இருந்தது: நாடக மேடை. கொண்டையராஜு படுதா வரைந்தவர், ஏ.பி. நாகராஜனும் சிவாஜி கணேசனும் சிறு வயதிலேயே நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். ஒரே மேடையிலிருந்து பிரிந்த இரு கிளைகள் பின்னர் ஒன்றையொன்று பார்த்து வளர்ந்தன என்று கொள்வதே இப்போதைய சான்றுகளுக்குப் பொருந்துகிறது.

கைமாறும் வழியைப் பார்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு: காலக்கணக்கு தெரிகிறது. சிவகாசியில் புதிய காலண்டர் ஆல்பங்கள் ஆடிப்பெருக்கு நாளில் பூசையோடு வெளியாகின்றன. பட்டாசு ஆலைகளின் ஓட்டம் தீபாவளியை நோக்கியது. வார, மாத இதழ்களின் தீபாவளி மலர்களும், பெரிய நட்சத்திரங்களின் படங்களும், 1993இல் சன் டிவி வந்தபின் தொலைக்காட்சிச் சிறப்பு நிகழ்ச்சிகளும் அதே நாளைக் குறிவைக்கின்றன. 1944 தீபாவளிக்கு வந்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது இன்றும் சாதனையாகப் பேசப்படுகிறது. புத்தகம், சினிமா, தொலைக்காட்சி, பட்டாசு எல்லாம் ஒரே நாளில் வீட்டுக்குள் வருவதால்தான் தீபாவளி இன்றைய வடிவில் இருக்கிறது. இதைக் காட்டுவது என்றோ வார்ப்பது என்றோ மட்டும் சொல்லிவிட முடியாது.

இந்தத் தரப்புக்கும் எல்லை உண்டு. வழியை நுணுக்கமாக விளக்கும் ஆய்வு, வழியின் முடிவில் நிற்பவரின் மனத்தில் என்ன நடந்தது என்பதை ஊகத்துக்கு விட்டுவிடுகிறது.

ஒரு விதிவிலக்கு: மாயாவி

எந்தத் தரப்புக்குள்ளும் எளிதில் அடங்காதது சிவகாசியின் காமிக்ஸ். 1972 ஜனவரியில் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் முத்து காமிக்ஸ் தொடங்கியது. 1960களில் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் வந்த கதை அது. உலோகக் கை பொருத்திய ஒருவன் மின்சாரம் பாய்ந்தால் கண்ணுக்கு மறைவான். இரும்புக் கை மட்டும் தெரியும். 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. இத்தாலியின் டெக்ஸ் வில்லர் சிவகாசித் தமிழ் பேசிக் குதிரையேறினார். இடையில் தொய்ந்த வெளியீடு 2012இல் புதுவேகம் பெற்றது.

கரிசல் காட்டில் அச்சான இந்தக் கதைகள் கரிசல் வாழ்வைக் காட்டவில்லை. எவரும் திட்டமிட்டு ஒரு கருத்தை விதைக்கவும் இல்லை. இருந்தும் ஒரு தலைமுறைச் சிறுவர்களின் கற்பனையில் மாயாவி நிலைத்துவிட்டார். ‘இரும்புக்கை மாயாவி’ என்ற பெயரில் படமெடுக்கும் திட்டம் பற்றி இயக்குநர் லோகேஷ் கனகராஜ் பேசியிருப்பது அதன் தொடர்ச்சி. வெளியிலிருந்து வந்து உள்ளூராகிவிடும் இத்தகைய வரவுகளுக்குக் கண்ணாடி, அச்சு இரண்டு உருவகமும் போதவில்லை.

ஊரே படமானபோது

படங்கள் சமூகத்தை மாற்றுமா என்பதற்கு மிகக் கடினமான சோதனை, படம் அச்சிடும் ஊரின் உழைப்பு நிலையே. தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்ததைச் சலம் பென்னூர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ (1990) ஆவணப்படம் உலகின் முன் வைத்தது. எழுத்தாளர் பூமணி இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’, தீப்பெட்டி ஆலைக்குப் போகும் கரிசல் பிள்ளைகளின் கதை. நாசரும் ராதிகாவும் நடித்த அந்தப் படத்துக்குத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பணம் போட்டது.

1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தையை அபாயத் தொழிலில் அமர்த்திய முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் குழந்தை உழைப்பு பெருமளவு குறைந்தது. இதில் ஆவணப்படத்துக்கும் கதைப்படத்துக்கும் எவ்வளவு பங்கு? மேத்தாவின் மனு 1980களிலேயே போடப்பட்டது. சத்துணவு, பள்ளிகளின் பெருக்கம், குறைந்த பிள்ளைப்பேறு, எந்திரமயம் என்று வேறு காரணங்களும் உண்டு. படம் நீதிமன்றத்தை அசைத்தது என்று நிறுவுவது கடினம். சிவகாசி என்றவுடன் வெளியூரார் மனத்தில் குழந்தை உழைப்பு நினைவுக்கு வரச் செய்தது என்று சொல்வது பாதுகாப்பானது.

அந்த நினைவுக்கும் ஒரு விலை இருக்கிறது. செய்தித் தொலைக்காட்சிகள் சிவகாசிக்குப் பெரும்பாலும் இரண்டு நாட்களில் வருகின்றன: தீபாவளிக்கு முந்தைய நாளும், வெடிவிபத்து நடந்த நாளும். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நாற்பதுக்கு நெருக்கமானோர் உயிரிழந்தபோது நாடே பார்த்தது. ஆண்டின் மற்ற நாட்களில் குழாய் சுற்றுவதும் திரி வைப்பதும் சரம் பின்னுவதுமாக உழைப்போர், பெரும்பாலும் பெண்கள், திரையில் அரிதாகவே தோன்றுகிறார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசை வலியுறுத்தியபின் அவர்கள் பிழைப்பில் நேர்ந்த மாற்றம் பற்றி வெகுஜனத் திரைப்படம் சொன்னது மிகக் குறைவு. நாடெங்கும் வீடுகளுக்குப் படம் அனுப்பிய மக்கள் தாங்களே படத்தில் இல்லாமல் போனது நியாயமற்ற புறக்கணிப்பு.

மதிப்பீடு

நான்கு தரப்புகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற விடையைவிட, எந்தத் தளத்தில் எவ்வளவு என்ற விடையே பொருந்துகிறது. தோற்றத்தின் தளத்தில், அதாவது சாமியின் முகம், தலைமுடி, உடை, பெட்டியின் படம் ஆகியவற்றில், வெகுஜனக் கலையின் வார்க்கும் ஆற்றல் மிக வலியது, வேகமானது. கருத்து, வாக்கு ஆகிய தளத்தில் அது பல காரணங்களில் ஒன்று. அமைப்பும் கட்சியும் துணைநின்றால் பெருகுகிறது, தனித்து நின்றால் சரிகிறது. உழைப்பு, கூலி, பாதுகாப்பு ஆகிய வாழ்நிலைத் தளத்தில் அதன் பங்கு மறைமுகமானது. பழைய விவாதத்தில் கண்ட முரண்களில் ஒரு பகுதி, இந்தத் தளங்களைக் கலந்து பேசியதால் வந்ததாகத் தோன்றுகிறது.

தீராத கேள்விகள் மூன்று. முதலாவது, காலண்டருக்கும் சினிமாவுக்கும் இடையே யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்பது. பழைய ஆல்பங்களையும் அச்சகக் கணக்குகளையும் ஆண்டுவாரியாகத் திரட்டினாலன்றி இதற்கு விடை கிடைக்காது. அச்சகங்கள் பழைய சரக்கைக் கழித்துவரும் நிலையில் இந்த வேலைக்குக் காலம் குறைவு. இரண்டாவது, ஆலைப் பெண்கள் எந்தத் தொடரைப் பார்க்கிறார்கள், எதை நம்புகிறார்கள், எதைக் கேலி செய்கிறார்கள் என்பது. 2006க்குப் பிறகு அரசு இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் இந்தக் கிராமங்களிலும் வந்திறங்கின. அவற்றின்முன் அமர்ந்தவர்களிடம் விரிவாகக் கேட்டறியும் ஆய்வுகள் இன்னும் பல வேண்டும். மூன்றாவது, கைபேசி. விருப்பப்பட்ட சாமிப் படத்தையும் நட்சத்திரப் படத்தையும் பார்ப்பவரே தேர்ந்து திரையில் வைத்துக்கொள்ளும்போது, ஏஜெண்டும் கடைக்காரரும் வகித்த இடத்தைப் பரிந்துரைக்கும் மென்பொருள் எடுத்துக்கொள்கிறதா, அல்லது தேர்வு உண்மையிலேயே பார்ப்பவர் கைக்கு வந்துவிட்டதா என்பது வரும் ஆண்டுகளின் ஆய்வுக்குரியது.